ஈறு வீக்கம்: உப்புத் தண்ணீர் எதுவரை கை கொடுக்கும்?

பாப்பாரப்பட்டி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 54 வயது. சில வருடங்களாக சுகர், பிபி இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கீழ்ப்பல் ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் நாலு நாள் அடங்குகிறது, அப்புறம் பழையபடி. பக்கத்து வீட்டில் கிராம்புத் தைலம் தடவச் சொல்கிறார்கள். மருத்துவரிடம் போய்ப் பல் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இதற்கெல்லாம் நம்ம ஊர்த் தண்ணீர்தான் காரணமா, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பது உங்கள் கேள்வி.

நான் தர்மபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் வாயைப் பார்க்காமல் இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. கொப்பளித்தால் அடங்குகிறது, விட்டால் திரும்புகிறது என்றால் வீக்கத்தைக் கிளப்புகிற பொருள் பல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் வீக்கத்தைத்தான் தணிக்கும். அந்தப் பொருளைப் பெயர்த்து எடுக்காது.

அந்தப் பொருள் என்ன? காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன், கீழ் முன்பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் விரல் நகத்தால் மெதுவாக வழித்துப் பாருங்கள். நகத்தில் வெள்ளையாக, மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அது வெறும் சோற்றுத் துணுக்கு இல்லை. முழுக்க முழுக்கக் கிருமிகள் சேர்ந்து கட்டிய படலம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எல்லார் வாயிலும் தினமும் படிகிறது. வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போகாது, எதையாவது வைத்துத் தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதன்மேல் இறங்கி, சில நாட்களில் கெட்டியாகிவிடும். போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, எத்தனை தேய்த்தாலும் போகாமல் நிற்குமே, கிட்டத்தட்ட அப்படி. இதைத்தான் காரை என்கிறோம். கீழ் முன்பற்களின் உட்புறம், அதாவது நாக்குப் பக்கம், இது அதிகம் சேரும். எச்சில் சுரக்கிற வாய்க்கால் அங்கேதான் திறக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் கீழ் ஈறுதான் வீங்குகிறது என்கிறீர்கள், கவனியுங்கள்.

இந்தப் படலத்துக்கும் ஈறு வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு பழைய ஆராய்ச்சி ஒன்றில் அழகாக நிரூபணமானது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்குமே ஈறு வீங்கிவிட்டது, ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுபடி ஒழுங்காகத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. மாத்திரை இல்லை, மூலிகை இல்லை. ஆரம்ப நிலை ஈறு வீக்கம் முழுசாகத் திரும்பக்கூடியது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வீக்கம் ஈறோடு நிற்காது. பல்லைப் பிடித்திருக்கிற எலும்பைக் கரைக்க ஆரம்பிக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. பல் ஆடுவதும், இடைவெளி விழுவதும், சீழ் வருவதும் அந்தக் கட்டத்தில்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குத்தான் முன்பல்லில் பழுப்புக் கோடும் திட்டுமாகக் கறை விழுந்திருக்கும். இதற்காகவே கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வர ஆரம்பித்தது. ஆனால் அந்தக் கறை பல் உருவாகிற வயதில், அதாவது ஏழெட்டு வயதுக்குள், பல்லுக்கு உள்ளேயே விழுந்துவிடுவது. அது ஈறு வீக்கத்தைக் கொண்டுவருவதில்லை. கறை ரொம்ப முற்றிப் பல் குழி குழியாக இருந்தால் அழுக்கு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். உப்பு கரிக்கிற போர் தண்ணீரைக் குடிப்பதால் காரை கட்டுகிறது என்பதும் தவறு. காரைக்கு வேண்டிய சுண்ணாம்பு எச்சிலிலிருந்தே வருகிறது.

ஆனாலும் நம்ம பக்கத்து ஈறுக் கோளாறில் இந்தக் கறைக்கு ஒரு மறைமுகப் பங்கு உண்டு. அதை நான் தினமும் பார்க்கிறேன். பொண்ணு பார்க்க வருகிறார்கள், வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறது, பல் வெள்ளையாக வேண்டும் என்று செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல், தூள் உப்பு எல்லாவற்றையும் போட்டு, கெட்டி பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துத் தேய்ப்பார்கள். கறை உள்ளே இருப்பதால் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. தேய்வது ஈறும் பல்லின் கழுத்துப் பகுதியும்தான். அப்படித் தேய்த்தவர் வாயைத் திறந்தால், வலது கைக்காரருக்கு இடது பக்கக் கோரைப்பல் பக்கம் ஈறு மேலே ஏறி, பல்லின் கழுத்தில் கத்தியால் வெட்டியது போல ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். இத்தனை தேய்த்தும் அதே வாயில் நாக்குப் பக்கம் காரை கட்டி ரத்தம் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் கண்ணாடியில் தெரிகிற பக்கத்தை மட்டும்தான் தேய்த்திருப்பார். கறையையும் காரையையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலப வழி: நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். கறை உள்ள இடம் பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும், காரை சொரசொரப்பாகத் தட்டுப்படும்.

இனி உங்கள் அம்மாவின் விஷயம். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு எலும்பு கரைகிற அளவு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அழுக்கு ஒரே அளவு இருந்தாலும் இவர்களின் ஈறு அதற்குக் காட்டுகிற எதிர்ப்பு அளவு மீறிப் போகும், புண் ஆறுவதும் தாமதமாகும். இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம், ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சுகரும் இறங்க மறுக்கும். ஈறு வைத்தியம் ஒழுங்காகச் செய்தால் மூன்று மாதச் சராசரி சுகர் அளவு (HbA1c) சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் பல் சுத்தம் செய்வதால் அவ்வளவு கிடைப்பது லாபம்தான்.

பிபி மாத்திரையின் பெயரையும் பாருங்கள். ஆம்லோடிபின், நிஃபெடிபின் வகை மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின்மேல் வளர்ந்து வரும். நம்ம பக்கம் இது முக்கியம். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இப்போது வீட்டு வாசலுக்கே பிபி மாத்திரை வந்துவிடுகிறது. நல்ல விஷயம். ஆனால் ஈறு தடிக்கிறது என்றால் வருகிற சுகாதாரப் பணியாளரிடமோ டாக்டரிடமோ வாய் திறந்து சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மாத்திரையை மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஈறு வீக்கத்தைவிடப் பெரிய ஆபத்து. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின் மாத்திரையும் இதையே செய்யும், இன்னும் பலமாக.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சட்டென்று வீங்கும், வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். சரியாகப் பொருந்தாத கேப், செட் பல், இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை விழுந்து உணவு மாட்டுகிற இடம் ஆகியவை அந்த ஒரு இடத்தில் மட்டும் வீக்கம் கொடுக்கும். மாம்பழ சீசனில் நார் மாட்டிக்கொண்டு, அதை ஊக்கால் குத்தி எடுக்கப்போய் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்கள் வருடம் தவறாமல் உண்டு. கடைசிக் கடவாயில் ஞானப்பல் பாதி முளைத்து, மேலே மூடிய சதை வீங்கி, வாயே திறக்க முடியாமல் போவது இருபது வயது ஆட்களிடம் அதிகம். வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்குவது இப்போது அபூர்வம். கொய்யாவும் நெல்லிக்காயும் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அதைச் சாப்பிட்டுக் காரை கரைந்த ஆள் ஒருவரும் இல்லை.

புகையிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புளி தட்டுகிற வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில், இடது பக்கம், புகையிலையை ஒதுக்கி வைப்பது அவர் வழக்கம். வேலை அலுப்பு தெரியாது என்பார். சரியாக அந்த இடத்தில் மட்டும் ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிந்தது, உள் உதடு வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. வலி இல்லை என்பதால் வருடக்கணக்கில் விட்டிருக்கிறார். அந்த வெள்ளைத் திட்டு புற்றுக்கு முந்தைய படியாக இருக்கலாம் என்பதால் உடனே மேல் பரிசோதனைக்கு அனுப்பினேன். பீடி, சிகரெட் வேறு மாதிரி ஏமாற்றும். புகை ரத்தக் குழாயைச் சுருக்குவதால் ஈறில் ரத்தம் அவ்வளவாக வராது. “எனக்குத்தான் ரத்தமே வரவில்லையே, ஈறு நல்லா இருக்கு” என்பார் புகைக்கிறவர். உள்ளே எலும்பு பாதி போயிருக்கும்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. முதல் வைத்தியம் பிரஷ்தான், உப்பு இரண்டாவது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள் பாருங்கள், அதுதான் வினையே. ரத்தம் வருகிற இடம்தான் தேய்க்க வேண்டிய இடம். மென்மையான நார் உள்ள, சின்னத் தலை பிரஷ் வாங்குங்கள். நாரின் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படுகிற மாதிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்ன அதிர்வாக அசைத்து, ஈறிலிருந்து பல் நுனிப் பக்கம் உருட்டி எடுங்கள். இரண்டு மூன்று பல்லாக நகருங்கள். கீழ் முன்பல்லின் உட்புறத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே போகும். மொத்தம் இரண்டு நிமிடம், காலையிலும் ராத்திரியும். ஒரு வேளைதான் முடியும் என்று அடம் பிடித்தால் ராத்திரியை விடாதீர்கள், தூக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிக்கு அது கொண்டாட்டம். முதல் நாலைந்து நாள் ரத்தம் வரும். பயப்படாமல் தொடர்ந்தால் ஒரு வாரத்தில் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் பிரஷ் எட்டாத காரை ஈறுக்குக் கீழே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பேஸ்ட் எதுவானாலும் சரி. ஃபுளோரைடு பேஸ்ட் பற்றி நம்ம ஊரில் பயம் இருக்கிறது, துப்பிவிடுகிற பெரியவர்களுக்கு அதனால் கறை வராது. விழுங்குகிற சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கவனம் வேண்டும், மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவும் அதற்கு மேல் பட்டாணி அளவும் போதும்.

உப்புத் தண்ணீர்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. கல் உப்போ தூள் உப்போ எதுவானாலும் சரி, நன்றாகக் கரைந்திருக்க வேண்டும். வாயில் அரை நிமிடம் வைத்து இருபக்கமும் அலசித் துப்புங்கள், சாப்பிட்ட பின் ஒரு நாளைக்கு மூன்று முறை. வீங்கிய சதையிலிருந்து நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும், கிருமியையும் கொஞ்சம் அடக்கும். பிபி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், விழுங்காமல் துப்புவதால் பிரச்சினை இல்லை. ஆனால் உப்பை அப்படியே விரலில் எடுத்து ஈறில் தேய்ப்பது வேறு கதை, அது புண்ணாக்கும்.

கிராம்புத் தைலம் பல்வலிக்கு நல்ல மருந்து. அதிலுள்ள யூஜினால் அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும். ஈறு வீக்கத்துக்கு அது பொருத்தமில்லை. நேரடியாகத் தடவினால் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து வரும். ஒரு சொட்டை ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டு வைத்தால் சற்று நேரம் வலி தணியும், மறுநாள் டாக்டரைப் பார்க்கும்வரை தாங்க அது போதும். மஞ்சளுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. மஞ்சள் சேர்த்த வாய் கழுவும் திரவமும் ஜெல்லும் ஈறு வீக்கத்தைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. சுத்தமான மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவிப் பத்து நிமிடம் கழித்துக் கொப்பளிக்கலாம், தப்பில்லை. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் அப்படித்தான். ஒரு டேபிள் ஸ்பூன், பத்து நிமிடம், வெறும் வயிற்றில். படலம் சற்றுக் குறையும், ஆனால் பிரஷ்ஷுக்குப் பதில் ஆகாது. சிங்கில் துப்பினால் குழாய் அடைக்கும், மண்ணில் துப்புங்கள். கொய்யா இலைக் கஷாயம் துவர்ப்பால் ஈறை இறுக்கும், கொப்பளித்தால் இதமாக இருக்கும். படிகாரம் ரத்தத்தை உடனே நிறுத்திவிடும். அதனாலேயே எனக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் இல்லை, ரத்தம் நின்றதும் நோய் போய்விட்டது என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வேப்பங்குச்சி விரும்பினால் நுனியை நன்றாக மென்று நாராக்கிப் பயன்படுத்தலாம், வெளிப்பக்கத்துக்கு நல்லது, உட்புறத்துக்கு எட்டாது.

மெடிக்கலில் கிடைக்கிற க்ளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இவை எல்லாவற்றையும்விட வலுவானது. 0.2 சதவீதம் உள்ளது 10 மில்லி, ஒரு நிமிடம், இரண்டு வேளை. பேஸ்ட்டால் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்பு படியும், ருசி கெடும். ஏற்கெனவே கறைப்பல் உள்ள ஊரில் அது வேறு எதற்கு?

செய்யக் கூடாதவை: ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அதக்குவது, வீங்கிய கன்னத்துக்குச் சூடு ஒத்தடம் கொடுப்பது (சீழ் இருந்தால் பரவும்), ஈர்க்குச்சியோ ஊக்கோ வைத்துக் குத்துவது. அப்புறம், மெடிக்கலில் வாய்ப்பேச்சாகக் கேட்டு ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் வாங்குவது. ஆன்டிபயாடிக் காரையைக் கரைக்காது. சுகரும் பிபியும் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும், அதுவும் ஓரிரு நாள்.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, சும்மா கிளம்பிய புரளி இல்லை. எலும்பு கரைந்த பல்லைப் பல நேரம் காரைதான் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. இடைவெளியும் திடீரென்று தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும். பல்லை ஆட்டியது எலும்புக் கரைவு, பழி மட்டும் சுத்தம் செய்த மருத்துவர்மேல் விழுகிறது. மீயொலி அதிர்வில் வேலை செய்கிற கருவி பல்லை அறுக்காது, காரையை மட்டும் உடைத்து எடுக்கும். சுத்தம் செய்தபின் ஈறு இறுகி, லேசாக ஆடிய பல் மறுபடி கெட்டிப்படுவதும் உண்டு. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஃபுளோரைடு கறை இதில் போகாது. போகும் என்று நம்பி வந்து ஏமாந்து போகிறவர்கள் நிறைய.

எப்போது வீட்டு வைத்தியத்தில் ஒரு நாள்கூடக் கழிக்கக் கூடாது? கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால், நாக்குக்கு அடியில் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு ஈறில் தானாக ரத்தம் கசிந்தால் டெங்கு சந்தேகம், ரத்தப் பரிசோதனை அவசரம். வாய் சுத்தமாக இருந்தும் ஈறு வெளிறி வீங்கி, உடம்பில் அங்கங்கே காரணமில்லாமல் ரத்தக்கட்டு வந்தால் ரத்த நோயாக இருக்கலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவானாலும் காட்டிவிடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு என் யோசனை: ஒரு வாரம் ராத்திரி பிரஷ்ஷும் உப்புத் தண்ணீரும் ஒழுங்காகச் செய்யட்டும், அதே வாரத்தில் பல் டாக்டரிடமும் காட்டுங்கள். செலவு யோசனையாக இருந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. போகிற அன்று சாப்பாட்டையும் மாத்திரையையும் விடாமல் காலையிலேயே போங்கள், சுகர்காரர்கள் வெறும் வயிற்றில் வரிசையில் நின்று மயங்கி விழுவது நடக்கிறது. மாத்திரைச் சீட்டையும், கடைசியாகப் பார்த்த சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள்.